பேட்டையிலிருந்து ஆறாம் வகுப்புக்கு: கார்ப்பரேஷன் ஸ்கூலா, எய்டடு ஸ்கூலா?

என் தங்கை திருநெல்வேலி பேட்டையில் இருக்கிறாள். மூத்தவள் ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டாள், இளையவனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். ஏப்ரல் மாதம் போன் செய்து, "அண்ணே, நீ பாளையங்கோட்டையில படிச்சவன், பிள்ளைக்கு நல்ல ஸ்கூலாப் பார்த்துச் சொல்லு" என்றாள். சொல்வதற்கு என்ன, இரண்டு நாளில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன், ஒரு மாதம் ஆகிவிட்டது.

மெட்ரிக், சிபிஎஸ்இ எதையும் நான் பார்க்கவில்லை. மச்சான் ஒர்க்‌ஷாப்பில் வேலை, தங்கை பீடி சுற்றுகிறாள், அந்தக் கட்டணத்தை ஏழு வருஷம் கட்டினால் வீட்டில் வேறு எதுவும் நடக்காது. அரசுப் பள்ளிகள், தனியார் நடத்தி அரசு சம்பளம் கொடுக்கும் எய்டடு பள்ளிகள், இந்த வட்டத்துக்குள்ளேயே நான்கு வழி இருந்தன. வீட்டுக்குப் பக்கத்தில், நடந்தே போகக்கூடிய அரசு உயர்நிலைப் பள்ளி, பத்தாம் வகுப்பு வரை. டவுனில் ஒரு மாநகராட்சி மேல்நிலைப் பள்ளி. பாளையங்கோட்டையில் பேர்போன ஒரு எய்டடு பள்ளி, தமிழ் வழி. அதே பள்ளியின் அதே காம்பவுண்டுக்குள் சுயநிதியில் நடக்கும் இங்கிலீஷ் மீடியம். பெயர்களைச் சொல்லவில்லை. ஒரு எச்.எம். மாறினால் பள்ளியே மாறிவிடும், இந்த வருஷம் நான் பார்த்ததை வைத்து அடுத்த வருஷம் யாரும் பிள்ளையைச் சேர்க்கவோ சேர்க்காமல் விடவோ வேண்டாம். எப்படிப் பார்த்தேன் என்பதுதான் மற்றவர்களுக்கு உதவும்.

முதலில் இந்த "பேர்போன" விஷயம். நம் ஊரில் பள்ளிக்கூடத்தின் பேர் தாத்தா காலத்திலிருந்து வருகிறது. 1820-ல் ரேனியஸ் என்ற மிஷனரி பாளையங்கோட்டைக்கு வந்த காலம் தொட்டு மிஷன் பள்ளிகள் இருக்கின்றன, கண் தெரியாத பிள்ளைகளுக்கும் காது கேளாத பிள்ளைகளுக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கே பள்ளி தொடங்கிவிட்டார்கள், டவுன் இந்துக் கல்லூரிப் பள்ளியில் பாரதியார் படித்தார், தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பாளையங்கோட்டைக்குப் பேர். எல்லாம் உண்மை, எனக்கும் பெருமைதான். ஆனால் அந்தப் பேரைச் சம்பாதித்துக் கொடுத்த வாத்தியார்கள் ரிட்டயர் ஆகிவிட்டார்கள். இன்றைக்கு அந்த வகுப்பில் கணக்கு எடுப்பது யார், அவர் நிரந்தரமா, பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் பணம் திரட்டி வைத்த தற்காலிக ஆளா, ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்பதைப் பழைய பேர் சொல்லாது. இன்னொரு பக்கம், கார்ப்பரேஷன் ஸ்கூல் என்றாலே முகம் சுளிக்கும் பழக்கமும் பழையதுதான். டவுன் கல்லணை மாநகராட்சி மகளிர் பள்ளியில் சீட் கேட்டு ஜூன் மாதம் கூட்டம் நிற்பதைப் பார்த்தவர்கள் அப்படிச் சுளிக்க மாட்டார்கள்.

அடுத்தது ரிசல்ட். மே மாதம் வந்தால் ஊர் முழுக்க பிளெக்ஸ் பேனர், 100 சதவீதத் தேர்ச்சி, முதல் மூன்று பிள்ளைகளின் போட்டோ. மாநில அளவில் ரேங்க் அறிவிப்பதை அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது, பள்ளிகள் தங்களுக்குள் நிறுத்தவில்லை. என் அம்மா பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஒரு பேனரைப் பார்த்துவிட்டு, "ஏய்யா, அங்கேயே போட்டிரு, எல்லாப் பிள்ளையும் பாஸாயிருக்கு பாரு" என்றாள். எனக்கு அந்த நூறு சதவீதத்தின் மேல் ஒரு வருத்தம் உண்டு. நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் பெஞ்சிலிருந்த ஆறு பேரின் அப்பா அம்மாவை மார்ச் மாதம் வரவழைத்து, டி.சி. வாங்கிக்கொண்டு வேறு எங்காவது சேருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வருஷம் எங்கள் செட் நூறு சதவீதம். அந்த ஆறு பேரில் ஒருவன் எனக்கு நெருங்கிய சேக்காளி, அதோடு படிப்பை விட்டுவிட்டான். இப்போது வண்ணார்பேட்டை பக்கம் எங்காவது பார்த்தால் பேசுவோம், பள்ளிக்கூடத்தைப் பற்றி மட்டும் பேச மாட்டோம்.

எட்டாம் வகுப்பு வரை எல்லோருக்கும் பாஸ், ஒன்பதில்தான் கழித்துக்கட்டும் வேலை நடக்கும். ஆகவே தேர்ச்சி சதவீதத்தைத் தனியாகப் பார்க்காதீர்கள். எட்டில் எத்தனை பேர் இருந்தார்கள், இரண்டு வருஷம் கழித்துப் பத்தில் எத்தனை பேர் பரீட்சை எழுதினார்கள் என்று பாருங்கள். எட்டில் 120 பேர் இருந்து பத்தில் 90 பேர் எழுதி 90 பேரும் பாஸ் என்றால் அந்த முப்பது பேர் எங்கே என்று கேட்க வேண்டும். வீடு மாறிப் போனவர்கள் நாலைந்து பேர் இருக்கலாம், முப்பது பேர் இருக்க மாட்டார்கள். இதைக் கேட்க யாரிடமும் கெஞ்ச வேண்டாம். பள்ளிகளின் கணக்கை வைத்திருக்கும் மத்திய அரசின் யுடைஸ் பிளஸ் தளத்தில் நோ யுவர் ஸ்கூல் என்ற பக்கம் இருக்கிறது, பள்ளியின் பெயரையோ 11 இலக்கக் குறியீட்டையோ போட்டால் வகுப்புவாரியாகப் பிள்ளைகள், ஆசிரியர்கள், வகுப்பறை, கழிப்பறை எல்லாம் வரும். பள்ளியே நிரப்பி அனுப்பும் கணக்குதான் அது, கழிப்பறை இருக்கிறது என்று இருக்கும், தண்ணீர் வருகிறதா என்பது நேரில் போனால்தான் தெரியும். இருந்தாலும் நாலு வருஷக் கணக்கை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு பள்ளி வளர்கிறதா தேய்கிறதா என்பது தெரிந்துவிடும். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைக்கு ஒரு ஆசிரியர், ஆறு முதல் எட்டு வரை 35-க்கு ஒருவர். மொத்தப் பிள்ளைகளை மொத்த ஆசிரியர்களால் வகுத்துப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள், மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ முதுகலை ஆசிரியர்களையும் அதில் சேர்த்திருப்பார்கள், ஆறாம் வகுப்புக்கு அவர்கள் வர மாட்டார்கள். ஆறு 'அ' பிரிவில் எத்தனை பேர் என்று நேரடியாகக் கேளுங்கள்.

சரி, இப்போது ஆறாம் வகுப்பில் ஏன் இவ்வளவு யோசிக்க வேண்டும் என்பதற்கு வருகிறேன், இது நிறைய பேருக்குத் தெரியவில்லை, தெரியும்போது பிள்ளை பத்தாவது வந்துவிடுகிறது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது, அடுத்த வருஷம் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. அதில் சேருபவர்களின் படிப்புக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. இதற்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சிப் பள்ளி, நகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி எல்லாம் இந்தக் கணக்கில் அரசுப் பள்ளிதான். எய்டடு பள்ளி இல்லை. வாத்தியாருக்கு அரசு சம்பளம், பாடப் புத்தகம் அரசு கொடுப்பது, பள்ளியில் நோட்டீஸ் எல்லாம் "அரசு உதவிபெறும்" என்றுதான் இருக்கும், ஆனாலும் இந்த ஒதுக்கீடு கிடையாது. பாளையங்கோட்டைக்காரர்களுக்கு இது பெரிய விஷயம், ஏனென்றால் நம் ஊரில் நல்ல பள்ளி என்று சொல்லப்படுவதில் பாதிக்கு மேல் எய்டடு.

கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கும் புதுமைப் பெண் திட்டத்தில் கணக்கு வேறு. 2022-ல் அரசுப் பள்ளிப் பெண்களுக்கு மட்டும் தொடங்கியது, 2024 கடைசியில் எய்டடு பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் விரிவாக்கினார்கள். பையன்களுக்கான தமிழ்ப் புதல்வனில் முதலிலிருந்தே இரண்டும் உண்டு. அதிலும் தமிழ் வழி என்ற சொல்லைக் கவனியுங்கள், எய்டடு காம்பவுண்டுக்குள் நடக்கும் சுயநிதி இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தால் இவை எதுவுமே இல்லை, மேலே கட்டணமும் கட்ட வேண்டும். அரசுப் பள்ளியிலேயே ஆங்கில வழிப் பிரிவு இருக்கிறது, அதில் படித்தால் 7.5 உண்டு, புதுமைப் பெண்ணும் உண்டு. தமிழ் வழியில் படித்தால் அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது, 2020-ல் திருத்திய பிறகு பட்டப் படிப்பு மட்டும் போதாது, பள்ளியிலிருந்தே தமிழ் வழியாக இருக்க வேண்டும். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் துறை தரும் உதவித்தொகைக்கு இந்தப் பாகுபாடு இல்லை, அட்டை இருந்தால் எந்தப் பள்ளியானாலும் விண்ணப்பிக்கலாம்.

ஆக நாலாவது வழியை, அந்த சுயநிதி இங்கிலீஷ் மீடியத்தை, அன்றைக்கே தள்ளிவிட்டேன். பள்ளியின் பேர் மட்டும்தான் கிடைக்கும், நிரந்தர ஆசிரியர்கள் தமிழ் வழிக்குப் போவார்கள், இங்கே குறைந்த சம்பளத்தில் வருஷத்துக்கு ஒருவர் மாறிக்கொண்டிருப்பார்கள். தங்கைக்கு இதில்தான் ஆசை இருந்தது. "பிள்ளை நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசணும்ணே" என்றாள். அந்த ஆசையில் தப்பே இல்லை. ஆனால் அந்த வகுப்பில் நான் பார்த்த நோட்டில் கேள்விக்கு விடை எல்லாம் போர்டிலிருந்து எழுதியது, முப்பது நோட்டிலும் ஒரே வாக்கியம், ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழை.

மீதி மூன்றையும் வேலை நாளில் போய்ப் பார்த்தேன். முதலில் வாசலில் நின்றேன், காலையில் ஒரு தடவை, மாலை மணி அடிக்கும்போது ஒரு தடவை. நான் பார்த்தது பிள்ளைகளின் மணிக்கட்டை. வெளியூர்க்காரர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியலாம், திருநெல்வேலிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த ஒரு பையனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள், வெட்டியவர்கள் கூடப் படித்த பையன்கள். அதற்குப் பிறகுதான் நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டு, 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் கலர் கயிறு கட்டக் கூடாது, வகுப்பில் பெயரின் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. பிள்ளை எந்தச் சாதி என்று கயிற்றின் நிறத்தில் சொல்லிக்கொண்டு வரும் பள்ளியில், ரிசல்ட் எவ்வளவு நன்றாக இருந்தாலும், என் வீட்டுப் பிள்ளையை விட மாட்டேன். ஒரு பள்ளியில் எட்டு, ஒன்பது படிக்கும் பையன்கள் முழுக்கைச் சட்டையைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டு வந்தார்கள், கேட்டைத் தாண்டி வெளியே வந்ததும் மடித்தார்கள், உள்ளே கயிறு. அது நடை தூரத்தில் இருந்த உயர்நிலைப் பள்ளி. வாசலில் ஒரு ஆசிரியர் நின்றிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அப்புறம் கழிப்பறை. பெண் பிள்ளைக்குப் பள்ளி தேடுபவர்கள் எச்.எம். ரூமைப் பார்ப்பதற்கு முன்னால் இதைப் பார்க்க வேண்டும், அம்மாவோ அத்தையோ கூடப் போவது நல்லது, நான் தங்கையைத்தான் உள்ளே அனுப்பினேன். கதவில் உள்பக்கம் கொண்டி இருக்கிறதா, குழாயில் தண்ணீர் மத்தியானம் ஒரு மணிக்கு வருகிறதா, வாளி இருக்கிறதா, நாப்கின் போட இடம் இருக்கிறதா. மத்தியானம் என்று குறிப்பாகச் சொல்கிறேன், காலையில் எல்லாப் பள்ளியிலும் தண்ணீர் வரும். எய்டடு பள்ளியில் எல்லாம் சுத்தமாக இருந்தது, கொண்டி இருந்தது. கார்ப்பரேஷன் பள்ளியில் எட்டுக் கதவில் மூன்றுக்குக் கொண்டி இல்லை, ஒரு பிள்ளை உள்ளே போக இன்னொரு பிள்ளை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது. தங்கை வெளியே வந்து முதலில் சொன்னது இதைத்தான். கட்டடத்தையும் பாருங்கள். 2021 டிசம்பர் 17-ம் தேதி இதே நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு பழைய கட்டடங்களை எல்லாம் ஆய்வு செய்து எத்தனையோ இடித்தார்கள், ஆனாலும் விரிசலைப் பார்க்க அதிகாரிதான் வர வேண்டும் என்று இல்லை, நம் கண்ணுக்கும் தெரியும். எய்டடு பள்ளிகளில் நூறு வருஷக் கட்டடங்கள் உண்டு, பார்க்க அழகாக இருக்கும், சுவரில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன்.

மூன்று எச்.எம்.களிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன். "ஆறாம் வகுப்புக்கு வருகிற பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கவே வரவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?" இந்தக் கேள்வியை என் சேக்காளியை நினைத்துத்தான் கேட்டேன். நன்றாகப் படிக்கிற பிள்ளை எந்தப் பள்ளியிலும் எப்படியாவது படித்துவிடும், கடைசி பெஞ்சுப் பிள்ளையைப் பள்ளி என்ன செய்கிறது என்பதில்தான் அந்தப் பள்ளியின் வேலை தெரியும். உயர்நிலைப் பள்ளியில், "அப்படி இங்க யாரும் இல்ல சார்" என்றார்கள். அது நடக்காத காரியம், கொரோனாவில் ஒன்றரை வருஷம் பள்ளி மூடிக் கிடந்த பிறகு அப்படி ஒரு பிள்ளைகூட இல்லாத பள்ளி இருக்க முடியாது, எண்ணும் எழுத்தும் என்று 2022-ல் ஒரு திட்டமே அதற்காகத்தான் கொண்டுவந்தார்கள். எய்டடு பள்ளியில் எச்.எம். நிதானமாக, மரியாதையாகப் பேசினார், பெற்றோரை வரவழைத்துப் பேசுவோம், டியூஷன் வைக்கச் சொல்வோம் என்றார். கார்ப்பரேஷன் பள்ளியில் அந்த எச்.எம். அம்மா எனக்குப் பதிலே சொல்லவில்லை, ஆறாம் வகுப்புத் தமிழ் டீச்சரை வரச் சொன்னார். அவர் ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்தார், அட்டை கிழிந்து செல்லோடேப் ஒட்டியிருந்தது. போன ஜூன் மாதம் வாசிக்க வராத பிள்ளைகள் என்று இருபத்து மூன்று பெயர், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எந்த எழுத்தில் தடுமாறுகிறது என்று பென்சிலில் குறிப்பு, "ற/ர", "கொம்பு", "ஒற்று விட்டு வாசிக்கிறாள்" என்று. வாசிக்க வந்ததும் பேனாவால் அடித்துவிட்டுத் தேதி. மார்ச் மாதம் நான்கு பெயர் அடிக்காமல் நின்றது. "இந்த நாலும் ஏழாம் வகுப்புக்குப் போகுது சார், அங்க உள்ள டீச்சர்ட்ட சொல்லிருக்கேன், நோட்டையும் கொடுத்துருவேன்" என்றார். அவருக்கு இதற்கென்று தனி பீரியட் கிடையாது, மத்தியான சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிஷம் உட்காருகிறார்.

எனக்கு அங்கேயே முடிவு தெரிந்துவிட்டது, வீட்டில் மூன்று நாள் பேச்சு நடந்தது. அம்மாவுக்குப் பாளையங்கோட்டைதான். "ஏய்யா, நீ அங்கன படிச்சுத்தான ஆளான?" என்று கேட்டாள், பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது, அங்கே எனக்குக் கிடைத்தது நிறைய. எய்டடு பள்ளியை நான் குறைத்துச் சொல்லவில்லை. மைதானம், நூலகம், ஒழுங்கு, பாட்டு, நாடகம், இதில் நான் பார்த்த கார்ப்பரேஷன் பள்ளி பக்கத்தில்கூட வராது. எய்டடில் நூலகப் புத்தகங்களின் தேதிச் சீட்டில் போன வாரத் தேதி இருந்தது, கார்ப்பரேஷனில் புத்தக பீரோ பூட்டியிருந்தது, சாவி வர பத்து நிமிஷம் ஆயிற்று. பாளையங்கோட்டையில், மகாராஜா நகரிலோ சமாதானபுரத்திலோ வீடு இருந்து, பிள்ளை ஓரளவு தானே படிக்கும், விளையாட்டிலோ பாட்டிலோ நாட்டம் இருக்கிறது என்றால் தமிழ் வழி எய்டடில் சேருங்கள் என்றுதான் சொல்வேன். தங்கை மகள் அப்படி இல்லை. கெட்டிக்காரி, வாய் ஓயாமல் பேசுவாள், ஆனால் புத்தகத்தைக் கொடுத்தால் ஒற்றெழுத்தை விழுங்கிவிட்டு வாசிக்கிறாள், ஒரு பக்கம் முடிப்பதற்குள் அழுகை வந்துவிடுகிறது. பேட்டையிலிருந்து டவுன், ஜங்ஷன், வண்ணார்பேட்டை தாண்டி பாளையங்கோட்டைக்குக் காலை நெரிசலில் பஸ்ஸில் ஒரு மணி நேரம், திரும்ப ஒரு மணி நேரம், பாஸ் இலவசம்தான், பிள்ளையின் நேரம் இலவசம் இல்லை. ஆற்றைத் தாண்டிப் போக வேண்டும் என்பதையும் தங்கை சொன்னாள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஜங்ஷன் தண்ணீரில் நின்றதைப் பார்த்தவள் அவள்.

கொண்டி இல்லாத கதவுக்கு என்ன செய்வது என்று கேட்டாள், நியாயமான கேள்வி. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், அதில் சரிபாதி பெண்கள், தலைவரும் பெற்றோர்தான். நீயே போய் அதில் உட்காரு என்றேன். பேர் கொடுத்திருக்கிறாள்.

இளையவன் கதை சுலபமாக முடிந்தது. ஒன்றாம் வகுப்புக்கு ஒதுக்கீடு, உதவித்தொகை எதுவும் பார்க்க வேண்டாம், ஆறில் மாற்றிக்கொள்ளலாம், நடந்து போகிற தூரமும் வகுப்பு டீச்சரும்தான் முக்கியம். தெருவிலேயே ஒரு சின்ன எய்டடு தொடக்கப் பள்ளி, ஒன்றாம் வகுப்பில் பதினெட்டுப் பிள்ளைகள், டீச்சர் தரையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். காலை உணவு முன்பெல்லாம் நகரத்தில் அரசுத் தொடக்கப் பள்ளியில் மட்டும் இருந்தது, 2025 ஆகஸ்டிலிருந்து நகரத்து எய்டடு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டதால் அந்த வித்தியாசமும் போய்விட்டது. காலையில் பீடிக் கட்டு ஒப்படைக்கப் போகிற வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது அந்த வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

ஜூன் மாதம் மூத்தவளைக் கார்ப்பரேஷன் பள்ளியில் சேர்க்கப் போனபோது தமிழ் டீச்சர் ஒரு பழைய வாசிப்பு அட்டையைக் கையில் கொடுத்தார். நாலு வரி வாசித்தாள். டீச்சர் ஒன்றும் சொல்லாமல் புது நோட்டை எடுத்து இரண்டாவது பெயராக இவள் பெயரை எழுதி, எதிரே பென்சிலில் "ஒற்று" என்று குறித்துக்கொண்டார்.

சேர்க்கப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். டி.சி., ஆதார், சாதிச் சான்று நகல் இதெல்லாம் எல்லோரும் கொண்டுபோவார்கள், அதோடு பழைய பள்ளியில் பிள்ளையின் எமிஸ் எண்ணை, அதாவது கல்வித் துறையின் கணினிப் பதிவில் இருக்கும் எண்ணை, குறித்து வாங்கிக்கொண்டு, அந்தப் பதிவில் பிள்ளையின் பெயரைத் தங்கள் பள்ளியிலிருந்து எடுத்துக் காமன் பூல் என்ற பொதுப் பட்டியலுக்கு விட்டாயிற்றா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். அவர்கள் விடாமல் இவர்களால் ஏற்ற முடியாது. எங்களுக்கு அதில் இரண்டு நாள் போனது, தங்கைக்கு இரண்டு நாள் கூலி.